ஜெயிச்சவர் கதை போதும், தோற்றுப் பழக ஒரு புத்தகம் கொடுங்க

1/ தொழில்முனைவு பற்றி நம்ம ஊர்ல விக்கிற புத்தகங்கள்ல பெரும்பாலானவை ஜெயிச்சவங்க கதை. டாக்டரா சொல்றேன்: அது மருந்தில்லை, போதை. கோபம் வந்தாலும் கடைசி வரை படிங்க. #இழை

2/ போன மாசம் ஓபிக்கு ஒருத்தர் வந்தார். தூக்கமே இல்லை, பிரஷர் 170/110. மனைவி நகையை அடகு வச்சு ஹோட்டல் ஆரம்பிச்சு, எட்டே மாசத்துல மூடியிருக்கார். "துணிஞ்சவன்தான் ஜெயிப்பான்னு படிச்சேன் சார்." ஆறு மாசம் வியாபாரம் இல்லைன்னா வாடகையை எதுல கொடுப்பேன்னு அந்தப் புத்தகம் ஒரு வரி கேட்டிருக்கக் கூடாதா?

3/ நாங்க மருத்துவம் படிச்ச விதம் வேற. வார்டு ரவுண்ட்ஸ்ல பேராசிரியர் விடை சொல்ல மாட்டார். "வயசு 50, நெஞ்சுவலி, வேர்த்துக் கொட்டுது. என்ன பண்ணுவ?" சொன்னதும், "சரி, பண்ணிட்ட. இப்ப பிபி இறங்குது. அடுத்து?" அப்படித்தான் முடிவெடுக்கக் கத்துக்கிட்டோம்.

4/ இதே மாதிரி புத்தகங்களும் உண்டு. கடன் வாங்கினா இந்தப் பக்கம், காத்திருந்தா அந்தப் பக்கம். முடிவு உங்களது. 1979ல அமெரிக்காவில் 'சூஸ் யுவர் ஓன் அட்வெஞ்சர்' தொடர் இப்படி வந்தது. நமக்கென்ன புதுசா? வேதாளம் கதையைக் கேள்வியிலதானே முடிக்குது!

5/ மதுரையிலயே உதாரணம் இருக்கு. 1976. டாக்டர் ஜி. வெங்கடசாமி, 58 வயசு, அரசுப் பணியில் ஓய்வு. முடக்குவாதத்தில் வளைந்த விரல்கள். ஏழைகளுக்குப் பார்வை கொடுக்கணும், கையில் பெரிய முதல் இல்லை. நீங்களா இருந்தா? பென்ஷனோட ஓய்வா? காசு உள்ளவங்களுக்கு மட்டும் வைத்தியமா? நன்கொடைக்கு அலைச்சலா? அவர் 11 படுக்கையோட ஆரம்பிச்சார். கட்ட முடிஞ்சவங்க கட்டணத்துல முடியாதவங்களுக்கும் சிகிச்சை.

6/ அடுத்த முடிச்சு: கண்ணுக்குள்ள வைக்கிற லென்ஸ். இறக்குமதி விலை ஏழைக்குக் கட்டாது. தடிமன் கண்ணாடியே போதும்னு விடுறதா, நாமே செய்யறதா? 1992ல ஆரோலேப் பிறந்தது. 1993ல அரவிந்த், ஹார்வர்டு வணிகப் பள்ளியில் பாடமாச்சு. அங்க மாணவர்கள் அதை வச்சு விவாதிக்கிறாங்க. நம்ம பிள்ளைக்கு அது ஒரு மார்க் கேள்வி, அதுவும் வந்தா.

7/ "தொழிலைக் கடையிலதான் கத்துக்கணும்"பாங்க. பாதி சரி. அப்பா கடை வச்சிருந்தா கல்லாவே புத்தகம். கூலிக்குப் போறவர் பிள்ளைக்கு? பொம்மையில பழகாம உங்க குழந்தைக்கு ஊசி போட விடுவீங்களா? நகை போகாம தோத்துப் பாக்க அவனுக்கு ஒரு இடம் வேணும்.

8/ அதுக்காக எல்லாப் புத்தகமும் ஆகாது. துணிச்சலான பதிலுக்கெல்லாம் பரிசு கொடுத்தா, அது பழைய போதைக்குப் புது பாட்டில். உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் மல்லி போட்டவரைக் கேளுங்க. கோடையில பூ குவியும், விலை விழும். மார்கழிப் பனியில விலை ஏறும், பறிக்கப் பூ இருக்காது. சரியா முடிவெடுத்தும் தோக்கலாம். அதை எழுதுங்க. கடை அட்வான்ஸ், தினவட்டி, கடன் சொல்லிட்டுப் போற சொந்தக்காரர், எல்லாத்தையும் எழுதுங்க. "கடையை மூடு" என்பதும் கௌரவமான ஒரு பக்கமா இருக்கணும்.

9/ அதுவரை? இன்னைக்கு ராத்திரி சாப்பிடும்போது தெருமுனை டீக்கடையைக் காட்டி, "நீயா இருந்தா?"ன்னு பிள்ளைகிட்ட கேளுங்க. பதில் வந்ததும், "சரி, பால் விலை ஏறிடுச்சு. இப்ப?" புத்தகம் வர்ற வரைக்கும் நீங்கதான் வேதாளம்.