கவனமா ஆடியிருக்கணும்

சாரத்தில் எங்கள் தெருவுக்குப் பின்னால் இருந்த காலி மனையில் டென்னிஸ் பந்து ஆடி வளர்ந்தவர்கள் நாங்கள். பதினொன்றாம் வகுப்பில் கார்க் பந்துக்கு மாறினோம். டீமுக்கே ஒரு ஹெல்மெட். அவுட்டானவன் கழற்றி அடுத்தவனிடம் தர வேண்டும். ஒருநாள் பந்து முன்தகட்டுக்கும் கம்பி வலைக்கும் நடுவில் புகுந்து நண்பனின் கன்ன எலும்பை உடைத்தது. "கண்ண எடுத்துட்டான், கவனமா ஆடியிருக்கணும்." அவன் அப்பா உட்பட எல்லாரும் சொன்னது இதுதான். ஹெல்மெட்டை வாங்கி அந்த இடைவெளியை ஒருத்தரும் பார்க்கவில்லை.

இன்று நான் மென்பொருள் எழுதிச் சம்பாதிக்கிறேன். எங்கள் தொழிலிலும் இந்த வசனம் உண்டு. அதற்குப் பெயர் 'யூசர் எரர்'. ஒருத்தர் தப்பான பட்டனை அழுத்தினால் அவர் தப்பு என்று தள்ளிவிடலாம். நூறு பேர் அதையே அழுத்தினால் பட்டனை அங்கே வைத்தவன் தப்பு. இதை ஒத்துக்கொள்ள எந்த இன்ஜினியருக்கும் மனசு வராது, எனக்கும் சேர்த்து.

'விளையாட்டுன்னா அடிபடும், தெரிஞ்சுதானே இறங்குற?' என்பவர்களிடமும் நியாயம் உண்டு. 1998 பிப்ரவரியில் டாக்காவில் ராமன் லாம்பா ஷார்ட் லெக்கில் நின்றார். ஓவரில் மூன்று பந்துதான் மிச்சம் என்று ஹெல்மெட்டை வேண்டாம் என்றார். பந்து தலையில் பட்டது, மூன்றாம் நாள் இறந்தார். போடாத ஹெல்மெட்டுக்காக எந்தக் கம்பெனி மேல் வழக்குப் போட முடியும்?

ஆனால் போட்டவன் கதை வேறு. 2014 நவம்பரில் சிட்னியில் பிலிப் ஹியூஸ் ஹெல்மெட்டோடுதான் ஆடினார். பந்து கழுத்தில், ஹெல்மெட் மூடாத இடத்தில் பட்டது. புதிய மாடல் போட்டிருந்தாலும் பிழைத்திருக்க மாட்டார் என்றே விசாரணையில் தெரிந்தது. 2016இல் மரண விசாரணை அதிகாரி யார் மேலும் பழி சொல்லவில்லை. கழுத்துக் காப்பைக் கட்டாயமாக்கும் வழியைப் பாருங்கள் என்றார். பழி இல்லை என்றால் வேலையும் இல்லை என்று அர்த்தமா? ஆஸ்திரேலியா அதைத் தன் தொழில்முறை வீரர்களுக்குக் கட்டாயமாக்கியது 2023 அக்டோபரில். பழி யாருக்கும் இல்லை என்றதும் அவசரமும் யாருக்கும் இல்லாமல் போனது.

நாம் பொறுப்பை ஒரே கட்டியாகப் பார்க்கிறோம். ஒன்று அவன் தலையில், இல்லை இவன் தலையில். 2013இல் அமெரிக்காவின் கொலராடோவில், பயிற்சியில் மூளையில் அடிபட்ட ஒரு பள்ளி மாணவனின் வழக்கில் ஜூரி அப்படிப் பார்க்கவில்லை. ரிடெல் ஹெல்மெட்டின் வடிவமைப்பில் குறை இல்லை என்றது. ஆனால் மூளை அதிர்ச்சியைப் பற்றிச் சரியாக எச்சரிக்கவில்லை என்று 27 சதவீதப் பொறுப்பை அந்தக் கம்பெனி மேல் போட்டது. 1 கோடியே 15 லட்சம் டாலர் இழப்பீட்டில் அதன் பங்கு 31 லட்சம். மிச்சப் பொறுப்பு மற்றவர்களுக்கு. எனக்கு இந்தக் கணக்கு பிடித்திருக்கிறது. யாருக்கு எவ்வளவு தெரியும், யாரால் எவ்வளவு மாற்ற முடியும், அவ்வளவு பங்கு.

நம் ஊரிலும் சட்டம் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. 84ஆம் பிரிவின்படி வடிவமைப்புக் குறைக்கும், போதிய எச்சரிக்கை இல்லாததற்கும் தயாரிப்பாளர் பொறுப்பு. 87ஆம் பிரிவு ஒரு கதவைத் திறந்து வைக்கிறது: எல்லாருக்கும் தெரிந்த ஆபத்தைப் பற்றி எச்சரிக்கத் தேவையில்லை. நான் சண்டை போடுவது இந்த இடத்தில்தான். பந்து வேகமாக வரும் என்பது எல்லாருக்கும் தெரிந்த ஆபத்து. பந்து கம்பிக்கு மேலே நுழையும் என்பது யாருக்குத் தெரியும்? செய்தவனுக்கு. கம்பி வலைக்குள் பந்து புகுகிறதா என்ற சோதனையே பிரிட்டிஷ் தரத்தில் 2013இல்தான் வந்தது. தரம் எழுதுகிறவர்களே அவ்வளவு தாமதமாகக் கேட்ட கேள்வியைப் பதினாறு வயசுப் பையன் கேட்டிருக்கணுமா?

'வழக்கு வழக்குன்னு போனா ஹெல்மெட் விலை ஏறும், ஏழைப் பையன் வெறுந்தலையோட ஆடுவான்' என்பார்கள். நாங்கள் ஏற்கெனவே பதினொரு பேருக்கு ஒரு ஹெல்மெட்டில் ஆடியவர்கள், சார். விலை குறைவு என்பதால் பந்து மெதுவாக வரவில்லை.

அடுத்த முறை ஹெல்மெட் வாங்கப் போகும்போது ஒரு பந்தையும் எடுத்துப் போங்கள். கம்பிக்கு மேலே வைத்து அமுக்கிப் பாருங்கள். பில்லைக் கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் சட்டம் உங்களுக்கு எட்டாத உயரத்தில் இருக்கும். இவை நம் பங்கு. மிச்சப் பங்கை விற்றவனிடம் கேட்க வெட்கப்பட வேண்டாம்.

போன மாதம் நண்பனைப் பார்த்தேன். கன்னத்தில் பள்ளம் அப்படியே இருக்கிறது. பேச்சு அந்த நாளுக்குப் போனதும் சிரித்துக்கொண்டே சொன்னான்: "நான்தான்டா கண்ண எடுத்துட்டேன்."