ஒரு தாளுக்காக ஒரு வாழ்வா?

தோழா!

ஓசூருக்கு வந்திருக்கிறாயா? விடியற்காலையில் சிப்காட் வாயிலருகே நின்று பார். தளி, கெலமங்கலம், தேன்கனிக்கோட்டை, வேப்பனப்பள்ளி எனப் பல ஊர்களிலிருந்தும் இளைஞர்கள் வந்திறங்குவர். லாரியும் மோட்டார் சைக்கிளும் கைக்கடிகாரமும் உருவாகும் ஊரல்லவா! அவர்களிலே பாலிடெக்னிக்கில் மூன்றாண்டு பயின்றும் பட்டயம் பெறாதோர் உண்டு. கேட்டுப் பார். "ஒரே ஒரு தாள் அண்ணே, அரியர்" என்பர், குற்றவாளி போலத் தலை குனிந்து.

ஒரே ஒரு தாள்! பருவங்கள் ஆறு, எழுத்துத் தேர்வில் நூற்றுக்கு 40, செய்முறையில் 50, வருகைப்பதிவு 80 விழுக்காடு. இத்தனையும் தாண்டியவன் கணிதத்திலோ ஆங்கிலத்திலோ ஒருமுறை வழுக்கினால், விதியின் கண்ணுக்கு அவன் பத்தாம் வகுப்புத் தேறியவன், அவ்வளவே!

1961ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டப்படி, பட்டயம் பெற்றவனுக்குத் தொழில்நுட்பப் பழகுநராக இடமுண்டு. மாதம் குறைந்தது 8000 ரூபாய் என்று 2019இல் விதி செய்தனர். (அந்தத் தொகையின் இலட்சணத்தை இன்னொரு ஞாயிறு பேசுவோம்.) அரியர்காரனுக்கு அந்தக் கதவும் அடைப்பு, ஒப்பந்தக்காரரின் வாசல்தான் திறப்பு. ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளிக்குப் போனாலும் முதலில் கேட்பது பட்டயத்தைத்தானே!

விந்தை பார்! எந்திரத்தை ஓட்ட அவன் கை வேண்டுமாம். அந்தக் கை கற்ற வித்தைக்கு மட்டும் பெயர் கிடையாதாம்!

"தரத்தைக் குறைக்கலாமா?" என்று கேட்கிறார்கள் கனவான்கள். குறைக்கச் சொன்னவர் யார்? எழுதித் தேறட்டும், எழுத விடுங்கள் என்கிறோம்! சேர்ந்த நாள் தொட்டு ஆறாண்டுக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. மூன்றாண்டு வகுப்பறையில் போயிற்று. மீதி மூன்றாண்டை இரவு ஷிப்டு விழுங்குகிறது. தேர்வுக்கு விடுப்புக் கேட்டால், "நாளை முதல் வராதே" என்ற மிரட்டல்!

இதற்கொரு மருந்தாம், 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை! பட்டப்படிப்பை ஓராண்டோடு விட்டால் சான்றிதழ், ஈராண்டோடு விட்டால் டிப்ளமோ. விழுந்தவனைத் தூக்கிவிடச் சொன்னால், விழுந்த இடத்திலேயே பாய் விரிக்கும் கருணை! திரும்பி வந்து சேரலாம் என்றும் எழுதியிருக்கிறார்கள்; ஷிப்டில் சிக்கியவன் எந்த நேரத்தில் திரும்புவான்? கல்லூரியைப் பாதியில் விட்டு மேடையேறியவன் நான். வெளியேற எனக்கு எவரும் வாயில் அமைத்துத் தர வேண்டியிருக்கவில்லை; திரும்பி நுழையத்தான் வழி கிடைக்கவில்லை.

வழியே இல்லையா? நம் தமிழ்நாட்டிலேயே 'சாண்ட்விச்' பட்டயப் படிப்பு உண்டு. மூன்றரை ஆண்டு, ஏழு பருவம். தொழிற்சாலைப் பயிற்சியும் படிப்பின் பகுதியாகவே அமைந்தது. பட்டறையும் பாடமும் ஒன்றாய் நடக்கலாம் என்பதை ஒப்புக்கொண்டவர்களிடம்தான் கேட்கிறோம்: தேர்வு நாளுக்குச் சம்பளத்தோடு விடுப்பு, சிப்காட்டிலேயே மாலை வகுப்பு, வேலைக்குப் போனவனுக்கு ஆறாண்டு வரம்பிலிருந்து விலக்கு. பகல் கொள்ளையா இது?

உன் கிளையில் ஒரு தாளில் நிற்பவர் யார் யார்? சேர்ந்த ஆண்டு, தவறிய தாள், வேலை பார்க்கும் இடம் அனைத்தையும் அவர்கள் இசைவோடு எழுதி எடுத்து வா. கிருஷ்ணகிரி ஆட்சியர் அலுவலகத்துக்கு வெறுங்கையோடு போகக் கூடாது.