காவலுக்கு ஒரு துப்பாக்கி



நன்னிலத்தை அடுத்த சிற்றூரிலிருந்து முதியவர் ஒருவர் அண்மையில் பங்கு இல்லத்திற்கு வந்திருந்தார். வயலோரத் தனிவீடு, அவரும் துணைவியாரும் மட்டுமே குடியிருக்கின்றனர். ஒரே வாரத்தில் பம்புசெட்டின் செம்புக் கம்பியும் தொழுவத்து ஆடுகளும் களவு போயிருந்தன.

"சாமி, கைத்துப்பாக்கிக்கு உரிமம் கேட்கப் போகிறேன். நம் பிள்ளைகள் பத்துப் பேருக்கும் பயிற்சி கொடுத்தால் ஊருக்கே காவலாகும். நீங்கள் ஒரு நன்னடத்தைக் கடிதம் தர வேண்டும்" என்றார்.

அவருடைய அச்சத்தை நாம் இலேசாக எண்ணவில்லை. சட்டமும் வழியை முற்றிலும் அடைத்துவிடவில்லை. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பிக்கலாம். காவல்துறை விசாரித்து அறிக்கை தரும். 2016ஆம் ஆண்டின் விதிகள் பயிற்சிச் சான்றிதழையும் கேட்கின்றன. பத்திரமாகக் கையாளுதல், சுடும் முறை, பராமரிப்பு, பாதுகாத்து வைத்தல் ஆகியவை அப்பயிற்சியில் அடங்கும். (தேர்தல் வந்தால் அத்துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க நேரிடும் என்றதும் பெரியவர் சற்றுத் திகைத்துப் போனார்.)

இளைஞருக்கு ஆயுதம் தந்து காவலுக்கு நிறுத்தும் எண்ணமும் புதிதன்று. சத்தீஸ்கர் மாநிலத்தில் பழங்குடி இளைஞர்களைச் சிறப்புக் காவல் அலுவலர்களாக்கி, அவர்களுக்குத் துப்பாக்கியும் கொடுத்தார்கள். ஐந்தாம் வகுப்பே போதுமான கல்வி. பயிற்சி இரண்டே மாதம். அதில் சட்டம் கற்பிக்க 24 பாடவேளை. உயிருக்கு அஞ்சும் வேளையில் எது தற்காப்பு, எது கொலை என்று பகுத்தறிய இவ்வளவு போதுமா என்று உச்ச நீதிமன்றம் ஆராய்ந்தது. 2011 ஜூலை 5 அன்று அவ்வேற்பாடு அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்து, ஆயுதங்களைத் திரும்பப் பெற ஆணையிட்டது.

குறிபார்க்கக் கைக்குச் சில வாரங்களில் கற்றுக்கொடுத்துவிடலாம். நள்ளிரவில் கொல்லைக் கதவு அசையும்போது விரலை அடக்கக் கற்பிப்பதே அரிது. காவல்துறையை நாட அவகாசம் இருக்கையில் தற்காப்புரிமை இல்லை. தேவைக்கு மிஞ்சிய தீங்கும் ஆகாது என்கிறது 2023ஆம் ஆண்டின் நியாயச் சட்டம். தூக்கக் கலக்கத்தில் இவற்றையெல்லாம் எண்ணிப் பார்ப்பவர் யார்?

பெரியவரிடம் நாம் ஒன்றே ஒன்று கேட்டோம்: "திருப்பூரிலிருந்து உங்கள் மகன் எந்தப் பேருந்தில் வருகிறான்?"

அவர் நெடுநேரம் பேசவில்லை. அவன் சொல்லாமல் கொள்ளாமல் கடைசிப் பேருந்தில் வந்திறங்கி, தாயின் தூக்கம் கெடாதிருக்கக் கொல்லைப்புறமாக நுழைபவன்.

கடிதம் எழுதினோம், காவல் ஆய்வாளருக்கு, இரவு ரோந்து வேண்டி. பெரியவர் முதலில் கையொப்பமிட்டார். அத்தெருவினர் நாற்பத்திரண்டு பேர் தொடர்ந்து ஒப்பமிட்டனர். வரும் திங்களன்று நாமும் உடன் செல்கிறோம்.