ஒரே நடை என்னும் கணக்கு

தாம்பரத்தைச் சுற்றி சேலையூர், முடிச்சூர், பெருங்களத்தூர் பக்கம் வீடு கட்டத் தொடங்குபவர்களுக்குத் தவறாமல் கிடைக்கும் அறிவுரை ஒன்று உண்டு. குட்டி யானையில் நாலு நடை அடிப்பதைவிட, டிராக்டரில் டிரெய்லரை மாட்டி ஒரே நடையில் இறக்கிவிடுவதுதான் சிக்கனம் என்பார்கள். கேட்கும்போது சரியாகத்தான் படுகிறது. ஆயிரம் செங்கல் சுமார் 3 டன். 2005இல் சந்தைக்கு வந்த டாட்டா ஏஸ், அதாவது குட்டி யானை, ஏற்றக்கூடியது முக்கால் டன். ஆக நாலு நடை என்ற எண்ணில் பிழையில்லை. அந்த எண்ணை மட்டும் வைத்து வண்டி பிடிப்பதில்தான் பிழை.

முதலில், எத்தனை வீட்டுக்கு ஒரே நாளில் 3 டன் சரக்கு தேவைப்படுகிறது? குளியலறைக்கு டைல்ஸ், பூச்சு வேலைக்குச் சிமென்ட், வீடு மாறும்போது பீரோ, கட்டில், ஃபிரிட்ஜ் என்பவைதான் இங்கே அன்றாடச் சுமை. 50 கிலோ மூட்டை பதினைந்து ஏற்றினால் ஏஸ் நிறைந்துவிடும். 2011இல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்த் ஒன்றேகால் டன், அதாவது 25 மூட்டை எடுக்கும். இதற்கு டிராக்டரைக் கூப்பிட்டால், மண்ணிவாக்கத்திலிருந்தோ படப்பையிலிருந்தோ அது ஊர்ந்து வந்து வெறுமனே திரும்பும் தூரத்துக்கும் சேர்த்துத்தான் வாடகை. பாதி காலியாக ஓடும் டிரெய்லர் ஒவ்வொரு பள்ளத்திலும் குதிக்கும். டைல்ஸ் அட்டைப்பெட்டிக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை.

“டிராக்டருக்கு இழுவை அதிகம்” என்பது அடுத்த வாதம். இழுவை அதிகம்தான், ஆனால் கேட்க வேண்டிய கேள்வி அது எப்படி நிற்கும் என்பது. நம் ஊரில் ஓடும் டிராக்டர்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின்சக்கரங்களில் மட்டுமே பிரேக். டிராக்டர் ஏறத்தாழ 2 டன், காலி டிரெய்லர் ஒரு டன், செங்கல் 3 டன் என்று வைத்துக்கொண்டால் 6 டன் எடையை இரண்டே சக்கரங்கள் நிறுத்த வேண்டும். டிரெய்லருக்குத் தனி பிரேக் இல்லாவிட்டால் அதன் எடை முழுவதும் பின்னாலிருந்து டிராக்டரைத் தள்ளும். சற்றுக் கோணலாகத் தள்ளினால் டிராக்டர் குறுக்கே மடங்கிவிடும். இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. வயலில் சட்டென்று திரும்புவதற்காக டிராக்டரில் இடது, வலது சக்கரங்களுக்குத் தனித்தனி பிரேக் மிதி உண்டு. சாலைக்கு வரும்போது இரண்டையும் கொக்கியால் இணைக்க வேண்டும். மறந்தால், அவசரத்தில் மிதித்தவுடன் வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். ஜிஎஸ்டி சாலையில், பேருந்துக்கும் இரு சக்கர வண்டிக்கும் நடுவில் இது நடந்தால் என்னாகும் என்று யோசித்துப் பார்க்க வேண்டும். ஏஸின் மொத்த எடை சுமையோடு சேர்த்தே ஒன்றரை டன் சொச்சம். நாலு சக்கரத்திலும் பிரேக். சுமை பாடியின் மேலேயே அமர்வதால் பின்சக்கரத்தின் பிடிப்பும் கூடும். இரவில் பின்விளக்கோ ஒளிரும் பட்டையோ இல்லாமல் நகரும் டிரெய்லர், பின்னால் பைக்கில் வருபவருக்கு எமன். கொஞ்சம் வாடகை மிச்சம் என்று நாம் சொல்லும்போது இந்த உயிரைக் கணக்கில் சேர்ப்பதேயில்லை.

தெருவும் இந்த வாதத்துக்கு ஒத்துழைப்பதில்லை. மாடம்பாக்கத்திலோ பீர்க்கன்காரணையிலோ உள்ளடங்கிய தெருக்களில் ஒரு பக்கம் நிறுத்திய கார்கள், மறுபக்கம் வடிகால் மூடிகள். டிரெய்லரைப் பின்னால் எடுக்கும்போது ஸ்டீயரிங்கைத் திருப்பும் திசைக்கு எதிர்த்திசையில் அதன் வால் போகும். முட்டுச் சந்தில் இதைச் செய்து முடிக்கும் நேரத்தில் குட்டி யானை இரண்டாவது நடைக்குக் கிளம்பியிருக்கும்.

சட்டப் பக்கத்தையும் பார்க்கலாம். டிரெய்லர் தனி வாகனம், அதற்குத் தனிப் பதிவு வேண்டும். விவசாயத்துக்கென்று காப்பீடு செய்த டிராக்டர் வாடகைக்கு மணல் ஏற்றிப்போய் விபத்தில் சிக்கினால், காப்பீட்டு நிறுவனம் நிபந்தனை மீறலைக் காட்டி வழக்காடும். அடிபட்டவர் நீதிமன்றப் படியேற வேண்டியிருக்கும். சிறு சரக்கு வண்டிக்கோ, 7,500 கிலோ மொத்த எடை வரை இலகு ரக வாகன உரிமமே போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தெளிவாக்கிவிட்டது.

“குட்டி யானையிலும்தான் ஒன்றரை டன் ஏற்றுகிறார்களே” என்று கேட்பவர்கள் உண்டு. ஏற்றுகிறார்கள், அதுவும் தவறுதான். முன்சக்கரம் லேசாகி ஸ்டீயரிங் பிடி கொடுக்காமல் போகும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தின்படி அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000. அமெரிக்காவில் பிக்கப்புக்குப் பின்னால் டிரெய்லர் மாட்டுவது சாதாரணம் என்பதையும் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். அங்கே அகலமான சாலை இருக்கிறது, வீட்டு வாசலில் திருப்ப இடம் இருக்கிறது, கனமான டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம் என்று பல மாகாணங்களில் விதி இருக்கிறது. இவற்றில் எதை நாம் கொண்டுவந்தோம்?

அஸ்திவாரம் போடும் வாரத்தில் செங்கல்லும் மணலும் டன் கணக்கில் வேண்டும் என்பது உண்மை. 100 கன அடி மணலே நாலரை டன் வரும், அதற்குக் குட்டி யானை ஈடாகாது. அப்போதும் கூப்பிட வேண்டியது டிரெய்லரை அல்ல. பிரேக்கும் பாடியும் ஒரே சட்டத்தில் அமைந்த சின்ன டிப்பர் லாரி தாம்பரத்தில் கேட்ட நேரத்துக்குக் கிடைக்கிறது. அதுவும் ஒரே நடையில்தான் இறக்கும்.