பால்மாவுக்கு யார் பணம்?



செம்பனைத் தோட்டத்தில் பிறந்து, இப்போது பட்டணத்தில் தொழிற்சாலை வேலை பார்க்கும் சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். வயது 23. கணவருக்கு 25. பதிவுத் திருமணம் முடிந்து மூன்று வருடம்கூட ஆகவில்லை; அதற்குள் ஆளுக்கொரு வீடு. கையில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தை. “ஒரு மாதம் 200 வெள்ளி தருகிறார், அடுத்த மாதம் ஒன்றும் இல்லை. கேட்டால் ‘பிள்ளையைக் காட்டு, காசு தருகிறேன்’ என்கிறார். நான் எவ்வளவு கேட்டால் நியாயம்?” என்பது அவருடைய கேள்வி.

யாரால் பிரிவு வந்தது என்பதையும் நாலு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். அதற்குள் நான் போகப் போவதில்லை. குற்றம் யாருடையதாக இருந்தாலும் குழந்தை குடிக்கும் பால் ஒரு கரண்டிகூடக் குறையக் கூடாது அல்லவா?

நம் நாட்டில் முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் 1.3.1982 முதல் அமலில் இருக்கிறது. (முஸ்லிம் குடும்பங்களுக்கு ஷரியா நீதிமன்றம் தனி.) பிள்ளை யாரிடம் வளர்ந்தாலும் சரி, அதற்கு இருக்க இடம், உடுக்கத் துணி, உணவு, படிப்பு ஆகியவற்றைத் தம் வசதிக்குத் தக்கபடி கொடுப்பது பெற்றோரின் கடமை என்று அது சொல்கிறது. தகப்பன் கொடுக்க மறுத்தால் நீதிமன்றம் உத்தரவு போடும். தாயின் வருமானத்தைப் பார்த்து, அவளும் தன் பங்கைக் கொடுக்க வேண்டும் என்று சொல்லவும் அதற்கு அதிகாரம் உண்டு. ஆனால் சம்பளத்தில் நூற்றுக்கு இவ்வளவு என்று ஒரு வாய்பாடு கிடையாது. பிள்ளையின் தேவை என்ன, பெற்றவர்களின் சக்தி என்ன, இந்த இரண்டையும் பார்த்துத்தான் தொகையை முடிவு செய்வார்கள்.

ஆகவே, தங்கையே, முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். மூன்று மாதத்துக்குப் பிள்ளையின் செலவை மட்டும் எழுதுங்கள். உங்கள் சேலை, அவருடைய சிகரெட், இரண்டுக்கும் அதில் இடமில்லை. ஒரு கணக்குக்காகச் சொல்கிறேன்: பால்மாவு 200 வெள்ளி, பெம்பெர்ஸ் 120, பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்கு 400, மருந்துக்கும் துணிக்கும் 80, வாடகையிலும் கரண்டு தண்ணீரிலும் பிள்ளையின் பங்காக 100. மொத்தம் 900 வெள்ளி. அந்தக் காலத்தில் தோட்டத்தில் ஆயாக் கொட்டகை இருந்தது. தாய் பால்மரம் வெட்டப் போகும்போது குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டுப் போனாள். பட்டணத்திலோ இந்தக் கணக்கில் பெரிய தொகையே அதுதான். பல தகப்பன்மார்களுக்கு இது தெரிவதில்லை. பால்மாவு டின்னின் விலையை மட்டும் பார்த்துவிட்டு, “200 வெள்ளி போதாதா?” என்கிறார்கள்.

இப்போது சம்பளத்துக்கு வருவோம். அவர் கையில் வாங்குவது 2,700 வெள்ளி, நீங்கள் வாங்குவது 1,800 என்று வைத்துக்கொள்வோம். ஐந்தில் மூன்று பங்கு அவர், இரண்டு பங்கு நீங்கள். 900-ஐ அப்படியே பிரித்தால் அவருக்கு 540, உங்களுக்கு 360. சட்டம் இந்த வழியைத்தான் சொல்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். என் புத்திக்கு நியாயமாகப் படும் வழி இது. சரிபாதி என்பது கேட்க அழகாக இருக்கும், குறைந்த சம்பளக்காரரைத்தான் அது நசுக்கும். அதுவும் இரவில் மூன்று முறை எழுந்து பிள்ளையைத் தூக்குபவர் யார் என்பது எந்த நோட்டிலும் ஏறாத கணக்கு. பாலர் பள்ளிக் கட்டணம், தீபாவளித் துணி போல வருடத்துக்கு ஒருமுறை வரும் செலவுகளையும் இதே பங்குப்படி பிரித்துக்கொள்ளலாம்.

தம்பிமார்களுக்கும் ஒரு வார்த்தை. மோட்டார் சைக்கிள் தவணையையும் நண்பர் கல்யாண மொய்யையும் கழித்துவிட்டு, மிச்சம் இருந்தால் பிள்ளைக்கு என்று கணக்குப் போடாதீர்கள். சம்பளம் ஏறிய அன்றே பிள்ளையின் பங்கை வங்கி வழியாக அனுப்பிவிடுங்கள். கையில் கொடுத்த காசுக்குச் சாட்சி இல்லை. நாளை நீதிமன்றத்தில் “கொடுத்தேன்” என்று நீங்கள் சொல்ல, “வாங்கவில்லை” என்று அவர் சொல்ல, என்ன செய்வீர்கள்? அதே நியாயம் பெண்கள் பக்கத்திலும் வேண்டும். கோபத்தில் அவருடைய சம்பளத்தில் பாதியைக் கேட்டால் நடக்காது. அவரும் எங்கோ ஓர் அறைக்கு வாடகை கொடுத்துச் சாப்பிட வேண்டும்.

“பிள்ளையைக் காட்டு, காசு தருகிறேன்” என்பது தவறு. “காசு கொடு, பிள்ளையைக் காட்டுகிறேன்” என்பதும் அதே தவறுதான். பார்க்கும் உரிமை ஒரு வழக்கு, பராமரிப்புப் பணம் வேறொரு வழக்கு. பார்க்க விடவில்லை என்றால் அதற்குத் தனியாக மனுப் போட வழி இருக்கிறது. பணத்தை நிறுத்தினால் பட்டினி கிடப்பது பிள்ளைதான். உங்களோடு சண்டை போட்டவர் அல்ல.

இன்னொன்று, வாய்விட்டுச் சொல்ல வெட்கப்படுகிறார்கள். கோயிலில் தாலி கட்டியதோடு சரி, பதிவு செய்யவில்லை. 1982-க்குப் பிறகு அந்தத் திருமணம் சட்டத்தின் கண்ணில் திருமணம் ஆகாது. “பதிவே இல்லை, எனக்கென்ன பொறுப்பு?” என்று தைரியமாகப் பேசும் இளைஞர்களும் இருக்கிறார்கள். அவர்கள் தெரிந்துகொள்ளட்டும்: மணமான பெண்கள், பிள்ளைகள் பராமரிப்புக்கான 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பதிவில்லாமல் பிறந்த பிள்ளைக்கும் மாதப் பணம் கேட்கலாம். அவர்தான் தகப்பன் என்று நிரூபித்தால் போதும். பதிவு செய்தவர்களும், விவாகரத்து வழக்கு முடியும்வரை காத்திராமல், இதே சட்டத்தின் கீழ் மனுப் போடலாம்.

பெரியவர்கள் கூடி, “இனி நான் எதுவும் கேட்க மாட்டேன்” என்று எழுதி வாங்கிய காகிதங்களும் ஊரில் உலவுகின்றன. அவற்றைக் கண்டு பயப்பட வேண்டாம். பிள்ளையின் நலனுக்கு அவசியம் என்று பட்டால், பெற்றோர் செய்துகொண்ட ஒப்பந்தத்தை நீதிமன்றம் மாற்றலாம்.

நீதிமன்ற உத்தரவு வந்த பிறகும் பணம் வரவில்லையா? வருடக்கணக்கில் பொறுத்துக்கொண்டு இருக்காதீர்கள். மூன்று வருடத்துக்கு மேற்பட்ட பாக்கிக்கு வழக்குப் போட்டு வாங்க முடியாது. முதலாளியே சம்பளத்தில் பிடித்து அனுப்பும்படி செய்ய 1968-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. வேலை போய்விட்டது, உடம்பு முடியவில்லை என்றால் தகப்பன் பேசாமல் நிறுத்திவிடக் கூடாது. தொகையைக் குறைக்கச் சொல்லி அவரே மனுச் செய்யலாம். பிள்ளையின் செலவு கூடினால் தாயும் அப்படியே.

எத்தனை வயது வரை என்று கேட்பீர்கள். 18 வரை என்பது பொது விதி. உடல், மனக் குறையுள்ள பிள்ளைக்கு அதற்குப் பிறகும் நீடிக்கும். மேற்படிப்புக்கு இது செல்லாது என்று 2004-ல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதால், 18 முடிந்ததும் பல பிள்ளைகளின் படிப்புச் செலவு தாயின் தலையில் விழுந்தது. பிறகு சட்டத்தைத் திருத்தினார்கள். 15.12.2018 முதல், மேற்படிப்போ தொழிற்பயிற்சியோ முடியும்வரை பணம் தொடரலாம்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்கள் அரசாங்கச் சட்ட உதவித் துறையான ஜபாத்தான் பந்துவான் குவாமானை அணுகலாம். வருமானத்தைப் பார்த்து ஏற்றுக்கொள்வார்கள். போகும்போது பிள்ளையின் பிறப்புப் பத்திரம், திருமணப் பத்திரம் இருந்தால் அது, மூன்று மாதச் சம்பளச் சீட்டு, அந்த நோட்டுப் புத்தகம் எல்லாவற்றையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.