துப்பறியும் நவீனங்களும் திறனாய்வாளர் மௌனமும்

ஜீடிமெட்லாவில் தமிழன்பர் சிலர் கூடி நடத்திவரும் சிறு படிப்பகத்தில் அண்மையில் ஒரு தீர்மானம் முன்மொழியப்பட்டது. இரண்டு அலமாரிகளை அடைத்துக்கொண்டிருக்கும் துப்பறியும் நாவல்களையும் மாத நாவல்களையும் பழைய காகிதக்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டு, அவ்விடத்தில் இலக்கியம் வைக்கலாம் என்பதே அது. முன்மொழிந்தவர் எம் நண்பர், நல்ல படிப்பாளி. ஆயினும் யாம் எதிர்த்தோம். முடிவு அடுத்த கூட்டத்திற்கு ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது. அதற்குள் எம் தரப்பை இம்மலர் வாயிலாகச் சற்று விரிவாகவே வைக்க விரும்புகிறோம்.

யாம் ஆண்டிற்கு நான்கைந்து முறை கச்சேரிக்குச் செல்பவர்கள். தொழிற்பேட்டையில் வேலை முடிந்து, இரண்டு பேருந்து மாறி, இரவீந்திர பாரதிக்கோ சிகந்தராபாத்திற்கோ போய்ச் சேர்வதற்குள் வர்ணம் முடிந்திருக்கும். திரும்பும் வழியெல்லாம் வாதம்தான்: நிரவலுக்கு எடுத்த இடம் சரியா, மிருதங்கம் பாட்டை அமுக்கிற்றா என்று. அந்த வாதத்திற்குரிய சொற்களை எமக்கு யார் தந்தார்கள்? ஆனந்த விகடனில் ‘கர்நாடகம்’ என்னும் புனைபெயரில் எழுதிய கல்கியும், பின்வந்த சுப்புடுவும் தந்தார்கள். சுப்புடுவை வித்துவான்கள் ஏசினர், அஞ்சினர். ஆனால் படிக்காமல் விட்டதில்லை. சில நூறு பேர் கேட்டுக் கலையும் கச்சேரிக்கு இத்துணை கவனம் நல்கிய தமிழ் இதழ்கள், பல்லாயிரவர் கையில் புரளும் குற்றக் கதைக்கு நல்கியது என்ன? விளம்பரம் ஒன்றைத் தவிரப் பெரிதாக எதுவும் எம் கண்ணில் படவில்லை.

இது நேற்று முளைத்த துறையும் அன்று. மாயூரம் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879-இல் வெளிவந்தது. பதினைந்தே ஆண்டுகளில், 1894-இல், பண்டித நடேச சாஸ்திரி தானவன் என்னும் போலீஸ் நிபுணனைத் தமிழில் உலவவிட்டார். ஜே. ஆர். ரங்கராஜு துப்பறியும் கோவிந்தனைப் படைத்தார். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியார் 1950-இல் திரைக்கே வந்துவிட்டார். தேவனின் சாம்பு, தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷ்-வசந்த், ராஜேஷ்குமாரின் விவேக் என்று வழி அறாமல் வந்துகொண்டிருக்கிறது. நூற்றாண்டைக் கடந்த ஒரு மரபைக் கண்டும் காணாததுபோல் நடப்பவரை என்னென்பது?

‘எல்லாம் ஆங்கிலத்தைப் பார்த்து எழுதியவை’ என்பர். ஓரளவு மெய்தான். ஆரணி குப்புசாமி முதலியார் ரெயினால்ட்ஸின் கதைகளைத் தமிழ்ப்படுத்தித் தந்தவரே. எது தழுவல், எது சொந்தம் என்று பிரித்துக் காட்டியிருக்க வேண்டிய கடமை எவருடையது? திறனாய்வாளருடையது அன்றோ? இங்கிலாந்தில் டோரதி ஸேயர்ஸ் 1933 முதல் 1935 வரை ‘சண்டே டைம்ஸ்’ இதழில் குற்றக் கதைகளுக்கு மதிப்புரை எழுதினார். அமெரிக்காவில் ஆன்டனி பௌச்சர் 1951 முதல் 1968-இல் இறக்கும்வரை ‘நியூயார்க் டைம்ஸி’ல் அதையே செய்தார். எட்மண்ட் வில்ஸன் 1945-இல் துப்பறியும் கதைகளைக் கிழித்தெறிந்தார். ஆனால் படித்துவிட்டுக் கிழித்தார். எம் நண்பர் படியாமலே எடைக்குப் போடச் சொல்கிறார்.

குற்றம் உயர்ந்த இலக்கியத்திற்குப் பொருளாகாது என்று இன்னொரு வாதம். சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தை ஒருமுறை புரட்டிப் பார்க்கட்டும். திருடியவன் பொற்கொல்லன், பழி சுமந்தவன் கோவலன், விசாரணை இன்றியே தண்டனை. பின்பு கண்ணகி அவைக்கு வருகிறாள். அரசியின் சிலம்பில் முத்து, தன் சிலம்பில் மாணிக்கம் என்னும் ஒரே தடயத்தால் வழக்கை உடைக்கிறாள். உடைத்த சிலம்பினின்று தெறித்த மணியைக் கண்டபின் பாண்டியனுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. வள்ளுவரோ ஒற்றாடலுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். ஒருவரையொருவர் அறியாத மூன்று ஒற்றர் சொல்லும் ஒத்தால்தான் நம்பலாம் என்று முறையும் கூறினார். எந்தக் காவல் நிலையத்திற்கும் இன்றும் பொருந்தும் முறை அது.

இக்கதைகள் அனைத்தும் நல்லவை என்று யாம் வாதிட வரவில்லை. எங்கள் பகுதி மருந்து ஆலைகளில் வேலை செய்யும் வேதியியலார் சிலர் இந்நாவல்களை விரும்பிப் படிப்பர். விஷம் வரும் பக்கம் வந்தால் சிரித்துவிடுவர். ஒரு துளி நாவில் பட்டதும் கதாநாயகன் சாய்வான். மறுமணி நேரத்தில் பிரேதப் பரிசோதனை அறிக்கை மேசைக்கு வந்துவிடும். சயனைடின் கசப்பு வாதுமை மணத்தை எல்லா மூக்கும் உணர்வதில்லை. பிறவியிலேயே அவ்வாற்றல் இல்லாதவர் பலர். இந்த ஒரு செய்தியை வைத்தே கைதேர்ந்த ஆசிரியர் ஒரு நல்ல கதை கட்டலாமே! அதைவிடக் கொடிது, வாசகனுக்குக் காட்டாத தடயத்தைக் கடைசிப் பக்கத்தில் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டும் துப்பறிவாளர். அட்டைதோறும் பிணமாகக் கிடக்கும் பெண்ணைப் பற்றியும் கேட்பாரில்லை. சுருதி விலகினால் மறுநாளே எழுதிக் காட்ட ஆளிருந்தது. இங்கே அப்படி ஒருவர் இருந்திருந்தால் இப்பிழைகளுள் பாதி குறைந்திருக்கும்.

நல்லதைச் சுட்டவும் ஆளில்லை. சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’ அறிவியலா ஆவியா என்னும் ஐயத்தை எவ்வளவு பொறுமையாக இழைக்கிறது! (முடிவைச் சொல்ல மாட்டோம்; இத்துறை மதிப்புரையின் முதல் விதி அது.) சாம்பு துப்பறியும் கதையையே கேலி செய்துகொண்டு துப்பறிகிறான், அந்நகைச்சுவையின் நுட்பம் தனிக் கட்டுரைக்குரியது. 2008-இல் சென்னைப் பதிப்பகம் ஒன்று இக்கதைகளுள் சிலவற்றை ஆங்கிலத்தில் தொகுத்து வெளியிட்டது. அப்போது ஆங்கில ஏடுகள் ஆர்வத்தோடு எழுதின. தமிழில் இருந்தவரை குப்பை, ஆங்கிலத்திற்குப் போனதும் பண்பாடு!

மற்றொன்று. எங்கள் பிள்ளைகள் பள்ளியில் தெலுங்கும் இந்தியும் ஆங்கிலமும் படிப்பவர்கள். அவர்களுள் சிலர் தமிழை எழுத்துக்கூட்டிப் படித்தது, கொலையாளி யாரென அறியும் ஆவலில், இந்த அலமாரியின் முன் அமர்ந்துதான். அவர்களுக்கு யாம் தரவிருந்த அறநூல்கள் அப்போதும் அடுத்த அலமாரியில் இருந்தன.

ஆகவே எம் திருத்தம் இது: நூல்களை எடைக்குப் போடுமுன் ஒவ்வொன்றையும் ஒருவர் படித்து, அரைப்பக்க மதிப்புரை எழுதி, முன்னட்டையின் உட்புறம் ஒட்ட வேண்டும். கழிக்க வேண்டியதைக் காரணத்தோடு கழிக்கலாம். யாம் முப்பது எழுதிவிட்டோம். அவற்றுள் ஒன்பதைக் கழிக்கச் சொல்லியிருக்கிறோம். எஞ்சியவற்றைப் பகிர்ந்துகொள்ள விரும்பும் அன்பர்கள் கூட்டத்தன்று சற்று முன்னதாக வந்தால், நூல்களை வீட்டிற்கே கொடுத்தனுப்புவோம்.