மரபணுவைத் திருத்தலாமா? எல்லைக்கோட்டை யார் போடுவது?

பரம்பரை நோயை மரபணுத் திருத்தம் மூலம் குணப்படுத்தலாம்னு மருத்துவர் சொன்னா, வேண்டாம்னு சொல்வீங்களா? பெரும்பாலோர் சொல்லமாட்டோம். ஆனால் எந்த உயிரணுவில் திருத்துகிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

என்ன வித்தியாசம்?

கிரிஸ்பர் என்பது மரபணுவைக் குறிப்பிட்ட இடத்தில் வெட்டும் கருவி. நோயாளியின் ரத்தத் தண்டணுக்களில் அதைப் பயன்படுத்தினால், மாற்றம் அவரோடு முடிந்துவிடும். 2023 நவம்பரில் பிரிட்டன் அனுமதித்த 'கேஸ்ஜெவி' சிகிச்சை அந்த வகை. அரிவாள் செல் நோய், நம் வட்டாரத்துக்கும் பழக்கமான பீட்டா தலசீமியா இரண்டுக்கும் அது தரப்படுகிறது.

கருவில் திருத்தினால் கதையே வேற. மாற்றம் பிள்ளை, பேரப்பிள்ளைன்னு தொடரலாம். பிழை நேர்ந்தால் அதுவும் தொடரும். பிறக்கப்போகும் குழந்தையிடம் சம்மதம் கேட்க வழியே இல்லை.

2018இல் என்ன நடந்தது?

சீன விஞ்ஞானி ஹெ ஜியன்குய், கருவிலேயே மரபணு திருத்தப்பட்ட இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்ததாக அறிவித்தார். தந்தைக்கு எச்ஐவி, பிள்ளைகளுக்கு அது தொற்றாமல் இருக்கவே திருத்தம் என்றார்.

தந்தையிடமிருந்து தொற்று வராமல் தடுக்க, விந்தணுவைச் சுத்திகரிக்கும் எளிய முறை ஏற்கெனவே இருந்தது. அப்புறம் எதுக்கு இந்த ஆபத்து? உலகமே கேட்ட கேள்வி அது. 2019 டிசம்பரில் அவருக்கு 3 ஆண்டுச் சிறையும் 3 மில்லியன் யுவான் அபராதமும் விதிக்கப்பட்டன.

சிங்கப்பூரில் நிலைமை என்ன?

- மனிதர்களைக் குளோனிங் செய்வதை 2004ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது.
- மனிதர்கள் சம்பந்தப்பட்ட மருத்துவ ஆய்வுகளை 2015ஆம் ஆண்டுச் சட்டம் நெறிப்படுத்துகிறது.
- 2000இல் அமைக்கப்பட்ட உயிரியல் நெறிமுறை ஆலோசனைக் குழு, மரபணுத் திருத்தம் குறித்து 2024 நவம்பரில் அறிக்கை வெளியிட்டது. அடுத்த தலைமுறைக்குப் போகும் திருத்தங்களைச் சிகிச்சையாகத் தருவதை இப்போதைக்கு அனுமதிக்கக்கூடாது என்பது அதன் நிலை.

உங்களுக்கு இதில் என்ன பங்கு?

அமெரிக்காவில் கேஸ்ஜெவியின் பட்டியல் விலை 2.2 மில்லியன் டாலர். 'செய்யலாமா' என்ற கேள்விக்குப் பதில் கிடைத்தாலும், 'யாருக்குக் கிடைக்கும்' என்ற கேள்வி பாக்கி நிற்கிறது.

அதற்கான பதிலை ஆய்வுக்கூடம் மட்டும் தர முடியாது. ஆலோசனைக் குழு பொதுமக்களிடமும் கருத்துக் கேட்பதுண்டு. அடுத்த முறை கேட்டா, 'இது நமக்குப் புரியாத விஷயம்'னு விட்டுடாதீங்க. அந்த முடிவோடு வாழப்போவது உங்கள் தலைமுறையும் அதற்கு அடுத்ததும்தான்.